ஜாஸ் இசைத்தட்டுக்களைச் சேர்க்கும் முறை

பொருள்களைச் சேர்த்தல் எளிது. சேர்த்த பொருளின் பயனைத் துய்த்தலே அரிது. புத்தகங்களை வாங்கி அலமாரியில் அடுக்குவோர் எல்லோரும் கற்றோராகார். அங்ஙனமே இசைத்தட்டுக்களை வாங்கிக் குவிப்போர் எல்லோரும் இசையறிந்தோராகார். இவ்வுண்மையை யான் என் கைப்பொருளைச் செலவிட்டுக் கற்றேன். நம் கல்லூரி மாணவருட் சிலர் ஜாஸ் என்னும் அமெரிக்க இசையில் விருப்பங் கொண்டு, எத்தட்டை முதலில் வாங்குவது, எத்தனை வாங்குவது என்று வினவக் கேட்கின்றேன். அவர்கட்கு என் அபிப்பிராயத்தை ஈண்டுச் சுருங்க உரைக்க விரும்புகின்றேன்.

எனது ஊர் கூடங்குளம். யான் விடுதியில் தங்கிப் பயின்ற நாளில், தவறாது கேட்க வேண்டிய ஜாஸ் தட்டுக்கள் நூறு என்று யாரோ தொகுத்த பட்டியலொன்று கைக்குக் கிட்டிற்று. சிற்றுண்டிச் செலவைக் குறைத்து, மிச்சம் பிடித்த பணத்தில் நாற்பது தட்டுக்கள் வரை வாங்கிவிட்டேன். அவற்றுள் இரண்டாம் முறை கேட்டவை ஐந்தாறுகூட இரா. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அவற்றைப் பெட்டியிலிட்டுப் பெருமிதத்துடன் சுமந்து சென்றேன்.

என் தாய்மாமன் இராதாபுரம் வட்டாரத்துக் கலியாண வீடுகளுக்கு மைக் செட்டு வாடகைக்கு விட்டு வாழ்ந்தவர். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத் தட்டை வைக்காமல் எந்த வீட்டிலும் வேலையைத் தொடங்கியதில்லை என்பார். அவர் என் பெட்டியைக் கண்டு, “ஒன்று போடு, கேட்போம்” என்றார். யான் மைல்ஸ் டேவிஸ் என்பாரின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ என்னுந் தட்டை வைத்தேன். மாமா கண்ணை மூடிச் சிறிது நேரம் கேட்டிருந்து, “அடியில் கனத்த நரம்பு ஒன்று பேசுகிறதே, அதை வாசிப்பவர் யார்?” என்று வினவினார். எனக்கு விடை தெரியவில்லை. “கச்சேரிக்குப் போனவன் தவில் யாரென்று தெரியாமல் திரும்புவானா? மருமகனே, பெட்டி நிறையச் சேர்த்திருக்கிறாய்; காதில் என்ன சேர்த்தாய்?” என்றார். அவ்வொரு வினாவே எனக்குக் குருவாயிற்று.

அந்நரம்புக் கருவியை வாசித்தவர் பால் சேம்பர்ஸ் என்பவர். அத்தட்டு 1959ஆம் ஆண்டு மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் நியூயார்க் நகரில் இரண்டே அமர்வுகளிற் பதிவாயிற்று. டிரம்பெட் டேவிஸ், சாக்ஸபோன் ஜான் கால்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும், பியானோ பில் எவன்ஸ், ஓர் உருப்படிக்கு மட்டும் விண்டன் கெல்லி, தாள வாத்தியம் ஜிம்மி காப். இவ்வெழுவர் பெயரையும் அறிந்தபின் அதே தட்டைக் கேட்டால் அது புதியதொரு தட்டாக ஒலிக்கும். ஒவ்வொருவர் குரலும் தனித்தனியே செவியிற் புலப்படும். ஒருவர் பேச மற்றவர் விடை கூறுவதும் விளங்கும். ஆதலின் புதிதாய்க் கேட்போர்க்கு என் முதல் விதி இது: வாசித்தோர் பெயரையெல்லாம் அறிந்துகொள்ளாமல் அடுத்த தட்டை வாங்கற்க.

இரண்டாம் விதி, சிலவே வாங்குக என்பது. நூறு வேண்டா, எட்டுப் போதும். மாதத்துக்கு ஒன்றாக எட்டு மாதம் கேட்டு, கேட்டதை ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வருக.

எவ்வெட்டு எனின், என் தேர்வைக் கூறுவேன். முதலாவது, லூயி ஆம்ஸ்ட்ராங் 1925 முதல் 1928 வரை தம் சிறு குழுவினருடன் அளித்த பதிவுகளின் தொகுப்பு. அக்காலத்துத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிஷமே அடங்கும். அச்சிறு எல்லைக்குள் ஒரு வித்துவான் தம் மனோதர்மம் முழுவதையும் காட்ட வேண்டியிருந்தது. 1928இல் பதிவான ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ என்னும் உருப்படியின் தொடக்கத்தில் அவர் தனியே ஊதும் பகுதியைக் கேட்போர், நம் நாதஸ்வர வித்துவான் இராகத்தைத் தொடங்கும் கம்பீரத்தை நினையாதிரார். இரண்டாவது, பில்லி ஹாலிடே என்னும் பாடகியின் 1939ஆம் ஆண்டுப் பதிவுகள். மூன்றாவது, மேற்கூறிய ‘கைண்ட் ஆஃப் புளூ’. நான்காவது, கால்ட்ரேன் 1964 டிசம்பரிற் பதிவு செய்த ‘எ லவ் சுப்ரீம்’. நான்கு பகுதிகளால் இயன்ற ஒரு துதி அது. ஐந்தாவது, டியூக் எலிங்டன் 1963இல் இந்தியா முதலிய நாடுகளிற் சுற்றிச் சென்றபின், பில்லி ஸ்ட்ரேஹார்னுடன் இயற்றி 1967இல் வெளியிட்ட ‘ஃபார் ஈஸ்ட் ஸ்வீட்’.

எஞ்சிய மூன்றும் நமக்கு உறவுடையவை. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்திற் பிறந்த சுவாமி சச்சிதானந்தரின் பெயரால் ஆலிஸ் கால்ட்ரேன் 1971இல் வெளியிட்ட தட்டு ஆறாவது. அதில் யாழை ஒத்த ஹார்ப்பும் தம்புராவும் சேர்ந்து ஒலிக்கும். ஜான் மக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகீர் உசேன், கடம் வித்துவான் டி. எச். விநாயகராம் முதலியோர் கூடிய ‘சக்தி’ குழுவின் 1976ஆம் ஆண்டுத் தட்டு ஏழாவது. ருத்ரேஷ் மகந்தப்பாவும் கத்ரி கோபால்நாத்தும் சேர்ந்து சாக்ஸபோன் வாசித்த ‘கின்ஸ்மென்’ (2008) எட்டாவது. அமெரிக்கச் சாக்ஸபோன் வித்துவான் சார்லி மரியானோ (1923–2009) தமிழ்நாட்டில் தங்கி நாதஸ்வரம் பயின்றார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

நிற்க. நம் இசையோடு ஒப்பிட்டு நோக்குவது புதியோர்க்கு நல்ல ஏணியாகும். ஆயின் ஏணியிலேயே நின்றுவிடலாகாது. மனோதர்மம் இரண்டிற்கும் பொது. ஆனால் பல சுரங்களை ஒருங்கே ஒலிப்பித்து, அக்கூட்டை மாற்றி மாற்றிச் செல்லும் முறை ஜாஸுக்கு உரியது; நம் இராக சங்கீதத்துக்கு உரியதன்று. ‘கைண்ட் ஆஃப் புளூ’வில் அம்மாற்றங்கள் மிகக் குறைக்கப்பட்டு, ஒரு சுரவரிசையிலேயே நெடுநேரம் நின்று வாசிப்பதால் அது நம் செவிக்கு எளிதிற் பொருந்துகின்றது. பொருந்துவதை முதலிற் கேட்க. பொருந்தாததைப் பிறகு விடாது கேட்க.

மூன்றாம் விதியே யான் இன்றியமையாததெனக் கருதுவது. இசையைச் சேர்ப்போர் அவ்விசையைத் தந்த மக்களை மறத்தல் கூடாது. அடிமைகளாகக் கொணரப்பட்டோரின் வழிவந்த கறுப்பின மக்களிடையே, நியூ ஆர்லியன்ஸ் நகரத்திற் செழித்தது இவ்விசை. ஆயினும் ஜாஸ் என்னும் பெயரால் 1917இல் வெளிவந்த முதல் தட்டு வெள்ளையர் குழுவொன்றினுடையது. தென் மாகாணங்களிற் கறுப்பினத்தாரை மரத்தில் தூக்கிக் கொன்ற கொடுமையை எடுத்துரைக்கும் ‘ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்’ என்னும் பாட்டைப் பதிவு செய்ய ஹாலிடேயின் கம்பெனியார் மறுத்தமையால், அவர் வேறொரு சிறு கம்பெனியில் அதனைப் பாடினார். ‘கைண்ட் ஆஃப் புளூ’ வெளிவந்து பத்து நாளும் செல்லுமுன், 1959 ஆகஸ்டு 25ஆம் நாள், தாம் வாசித்துக்கொண்டிருந்த அரங்கின் வாயிலிலேயே டேவிஸ் போலீசாரால் தலையில் இரத்தம் வழிய அடிக்கப்பட்டார். உள்ளே கைதட்டல், வெளியே தடியடி! இதனை அறியாமல் அத்தட்டை வைத்திருப்போன் அதன் பாதியையே வைத்திருக்கின்றான்.

இஃது அயல்நாட்டுக் கதை என்று நாம் பெருமூச்செறிந்து தப்பிவிட இயலாது. நாதஸ்வரம் இல்லாமல் நமக்குத் திருவிழா இல்லை, திருமணம் இல்லை. ஆயினும் அதனை வாசித்தோர்க்கு நாம் சமமாக இருக்கை தந்தோமா? திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தம் கலைக்குரிய மதிப்பை வற்புறுத்திப் பெற வேண்டியிருந்தது. அவர் மாணவரும் தாமிரபரணிக் கரையில் தோன்றியவருமான காருகுறிச்சி அருணாசலம் 1964இல் தம் நாற்பத்துமூன்றாம் வயதளவிலேயே மறைந்தார். 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ப் படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்த அவர் நாதஸ்வரத்தை அறியாதார் இலர். அவருடைய பிற தட்டுக்களைத் தேடிச் சேர்த்தோர் நம்மில் எத்துணைப் பேர்?

இக்காலத்தில் எல்லா இசையும் கைப்பேசியிலேயே கிடைக்க, தட்டு எதற்கு என்பர் சிலர். நன்று, தட்டுத்தான் வேண்டுமென்று யானும் வற்புறுத்தவில்லை. ஆனால் கைப்பேசி அடுத்தடுத்து ஓட்டிக்கொண்டே போகும்; வாசித்தோர் பெயரைத் தேடினாலன்றிக் காட்டாது; நாம் தேர்ந்தெடுக்கும் வேலையையும் தானே செய்துவிடும். சேகரம் என்பதன் உயிர் தேர்வே. அதனைப் பிறரிடம் விட்டுவிட்டால் நம்மிடம் எஞ்சுவது ஓசை மட்டுமே. தட்டு வாங்குவோர் அதனைப் படுக்க வைத்து அடுக்காமல் நிமிர்த்தி வைக்க. வெயில் படாமற் காக்க. எம் ஊர்போன்ற கடற்கரைப் பகுதிகளில் உப்புக்காற்றும் ஈரமும் உறைகளிற் பூஞ்சணம் பிடிக்கச் செய்யுமாதலின் அடிக்கடி எடுத்துத் துடைத்து வைக்க.

முடிவாக ஒன்று. மாமாவிடம் இருந்த நாதஸ்வரத் தட்டுக்கள் எங்கே என்று அன்று கேட்டேன். ஒலிநாடா வந்தபின் தட்டுக்கு வேலையில்லை என்று, மரப்பெட்டியோடு பழைய சாமான் கடையில் எடைக்குப் போட்டுவிட்டதாகக் கூறினார். கூறியபின் அவர் வேறொன்றும் பேசவில்லை. யான் கடல் கடந்த இசைக்கு நாற்பது தட்டுச் சேர்த்தபோது, என் வீட்டுப் பரணிலிருந்த இசை எடைக்குப் போயிருந்தது. மாணவ நண்பர்களே, ஜாஸ் கேளுங்கள்; எட்டுத் தட்டும் கேளுங்கள். கேட்கக் கற்ற அச்செவியோடு அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பரணையும், உங்கள் ஊரில் மைக் செட்டு வைத்திருந்தவர் வீட்டுப் பரணையும் ஒருமுறை பாருங்கள். கிடைப்பவற்றுக்குப் பெயர், வாசித்தோர், தவில் யார் என்று ஒரு பட்டியல் எழுதி நம் கல்லூரி நூல்நிலையத்தில் வையுங்கள். பழைய மாணவர்களும் இதற்குத் துணைபுரிவாராக.