போலீஸ் பேச்சு கேட்கும் ரேடியோ: எதை வாங்குவது? யார் கேட்பது?

நள்ளிரவு. சைரன் அலறுகிறது. சிவப்பு வண்டி ஒன்று தெருவைத் தாண்டி ஓடுகிறது. வீட்டில் எல்லோரும் எழுந்து உட்காருகிறார்கள்.

எங்கே தீ? எந்தத் தெருவில்? இங்கேயும் பரவுமா?

இந்தக் கேள்வி எல்லா நாட்டிலும் எழும். அமெரிக்காவில் பல வீடுகளில் இதற்குப் பதில் சொல்ல ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதன் பெயர் "ஸ்கேனர்".

சாதாரண ரேடியோ, திருப்பி வைத்த நிலையத்திலேயே நிற்கும். வேறு நிலையம் வேண்டுமானால் காதைத் திருக வேண்டும். ஸ்கேனருக்குத் திருக ஆள் வேண்டாம். போலீசார் பேசும் அலைவரிசை, தீயணைப்புப் படையின் அலைவரிசை, ஆம்புலன்சின் அலைவரிசை என்று ஒவ்வொன்றாகத் தாவிக்கொண்டே இருக்கும். எங்கே பேச்சுக் குரல் கேட்கிறதோ, அங்கே நிற்கும். பேச்சு முடிந்ததும் மறுபடி ஓடும்.

கேட்க மட்டுமே முடியும். பேச முடியாது.

வயலின் வாசித்த போலீஸ்

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்தது அல்ல. டெட்ராய்ட் நகரப் போலீசார் 1928-ம் ஆண்டில் ரோந்துக் காருக்குள் ரேடியோவைப் பொருத்தினார்கள். தலைமை நிலையம் பேசும், கார் கேட்கும். பதில் பேச வழி இல்லை. அந்த நிலையத்துக்கு லைசென்சு கொடுத்தவர்கள் ஒரு வேடிக்கையான நிபந்தனை போட்டார்களாம். நடுநடுவே பாட்டும் இசையும் ஒலிபரப்ப வேண்டும்! "திருடனைப் பிடிக்க ஆள் அனுப்புவதற்கு முன்னால் வயலின் வாசிக்க வேண்டுமா?" என்று போலீஸ் அதிகாரி எரிந்து விழுந்ததாகக் கதை சொல்வார்கள்.

1930-களில் விற்ற பல வீட்டு ரேடியோக்களின் முகப்பில் "போலீஸ்" என்றே ஓர் இடம் குறித்திருந்தது. முள்ளை அங்கே நகர்த்தினால் போதும். நியூயார்க்கில் வீஜீ என்ற பெயரில் புகழ் பெற்ற புகைப்படக்காரர், 1938-ல் அனுமதி வாங்கித் தம் காரிலேயே போலீஸ் ரேடியோ வைத்துக்கொண்டார். கொலை நடந்த இடத்துக்கும் தீப்பிடித்த இடத்துக்கும் மற்ற நிருபர்களுக்கு முன்னால் போய் நிற்பார்.

பணம் வீணாகும் இடம்

ஸ்கேனர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் விலையைக் கேட்கிறார்கள். எத்தனை அலைவரிசை பிடிக்கும் என்று கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது அது அல்ல. "எங்கள் ஊர்ப் போலீசாரும் தீயணைப்புப் படையினரும் எந்த முறையில் பேசுகிறார்கள்?" என்பதே முதல் கேள்வி. இதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால், 600 டாலர் பெட்டியும் ஊமையாக மேசை மேல் உட்கார்ந்திருக்கும்.

பழைய முறை எளியது. ஒரு படைக்கு ஓர் அலைவரிசை. சிறிய ஊர்களில் தீயணைப்புப் படைகள் இன்னும் இப்படிப் பேசுவது உண்டு. அதைக் கேட்க 100 டாலர், 150 டாலர் பெட்டி போதும்.

பெரிய ஊர்களில் முறை மாறிவிட்டது. ரெயில்வே டிக்கெட் ஜன்னலை நினைத்துக்கொண்டால் புரியும். முன்பு ஒவ்வொரு ஊருக்கும் தனி ஜன்னல், தனி வரிசை. இப்போது எல்லோருக்கும் ஒரே வரிசை. எந்த ஜன்னல் காலியோ, அந்த ஜன்னலுக்குப் போக வேண்டும். ரேடியோவிலும் அப்படித்தான். ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்துகொண்டு, யார் பேச வந்தாலும் காலியான அலைவரிசையைக் கொடுக்கிறது. ஒரே உரையாடலில் கேள்வி ஓர் அலைவரிசையிலும் பதில் இன்னொன்றிலும் போகலாம். பேச்சும் குரலாகப் போவதில்லை. எண்களாக மாறிப் போகிறது. இதற்கு "பி-25" என்று பெயர். இதைத் துரத்திப் பிடிக்க டிஜிட்டல் ஸ்கேனர் வேண்டும். விலை 400 டாலரில் இருந்து 700 டாலர் வரை. நல்லதாக ஒன்று வாங்கினால், ரூபாய்க் கணக்கில் அரை லட்சத்தைத் தாண்டிவிடும்.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. திருவிழாவில் நாலு தெருவிலும் குழாய் கட்டி ஒரே பாட்டைப் போடுவார்கள். நடுத் தெருவில் நிற்பவன் காதில் பாட்டு ஒன்றோடு ஒன்று மோதும். ஒரு சொல்லும் விளங்காது. பெரிய நகரங்களில் பல கோபுரங்கள் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் அனுப்புகின்றன. விலை குறைந்த டிஜிட்டல் ஸ்கேனர் இந்த மோதலில் தடுமாறிப்போகும். இதைச் சமாளிக்கவே யூனிடென் கம்பெனி 2018-ல் "எஸ்.டி.எஸ். 100" என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. நகரத்தில் இருப்பவர்கள் காசைப் பார்க்காமல் இப்படிப்பட்ட பெட்டியை வாங்குவதே நல்லது. மலிவுப் பெட்டி வாங்கி, ஆறு மாதத்தில் விற்று, மறுபடி வாங்குவதுதான் அதிகச் செலவு.

அலைவரிசை எண்களைப் பெட்டியில் ஏற்றுவது புதியவர்களுக்குத் தலைவலி. அஞ்சல் எண்ணைத் தட்டினால் அந்த வட்டாரத்து அலைவரிசைகளைத் தானே எடுத்துக்கொள்ளும் பெட்டிகளும் இருக்கின்றன. முதியவர்களுக்கு அதுவே ஏற்றது. பெட்டியோடு வரும் குட்டை ஏரியல் பெயருக்குத்தான். ஜன்னல் ஓரமாகவோ, மாடியிலோ நல்ல ஏரியல் ஒன்று வைத்தால், அதே பெட்டி இன்னும் தொலைவில் உள்ளதைக் கேட்கும்.

பூட்டுப் போட்ட பேச்சு

இதையெல்லாம் தாண்டி ஒன்று இருக்கிறது. பேச்சுக்குப் பூட்டுப் போட்டுவிட்டால், எந்தப் பெட்டியும் உதவாது. ஆயிரம் டாலர் கொடுத்தாலும் கேட்காது. பூட்டை உடைக்கும் பெட்டி என்று யாராவது விற்றால், அதை நம்பக்கூடாது. உடைப்பது சட்டப்படி குற்றம்.

பூட்டுகள் பெருகி வருகின்றன. டென்வர் நகரப் போலீசார் 2019-ல் பூட்டினார்கள். சிகாகோ 2022-ல் பூட்டத் தொடங்கி, அரை மணி நேரம் கழித்தே பொதுமக்கள் கேட்கலாம் என்று வைத்தது. நியூயார்க் போலீசார் 2023-ல் புரூக்ளின் பகுதியில் ஆரம்பித்தார்கள். அங்கே புதிய ரேடியோ முறைக்கு ஆகும் செலவு 39 கோடி டாலர்.

போலீசார் சொல்லும் காரணத்தைத் தள்ளிவிட முடியாது. திருடனும் ஸ்கேனர் வாங்கலாம். போலீசார் எந்த வாசலில் காத்திருக்கிறார்கள் என்று அவன் கேட்டுவிட்டால், போகும் உயிர் போலீஸ்காரருடையது. பொதுமக்களுக்கும் மானம் உண்டு. ஒரு பெண் கணவன் அடிக்கிறான் என்று போன் செய்கிறாள். ஒரு வீட்டில் வாலிபன் தற்கொலைக்கு முயன்றுவிட்டான். இந்த முகவரிகள் அக்கம்பக்கத்தார் வீட்டுப் பெட்டியில் ஒலிக்கலாமா?

கேட்டதைக் கேட்டபடி விடாமல் பரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். பாஸ்டன் நகரில் 2013-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் மராத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. குற்றவாளிகளைப் போலீசார் தேடிய இரவில், எண்ணற்றவர்கள் ஸ்கேனர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பெயர்கள் ஸ்கேனரில் சொல்லப்பட்டதாக வதந்தி பரவியது. விடிந்ததும் தெரிந்தது: அந்த இருவருக்கும் குண்டுக்கும் சம்பந்தமே இல்லை! அதில் ஒருவர், வீட்டார் தேடிக்கொண்டிருந்த காணாமற்போன மாணவர். அந்தக் குடும்பம் பட்ட துன்பம் சொல்லி முடியாது. போலீசார் எங்கே நிற்கிறார்கள் என்பதை எழுதிப் பரப்ப வேண்டாம் என்று பாஸ்டன் போலீசாரே அன்று கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது.

1996-ல் இன்னொரு கூத்து. புளோரிடாவில் ஒரு தம்பதி காரில் போகும்போது ஸ்கேனரில் செல்போன் பேச்சு ஒன்று விழுந்தது. பேசியவர்கள் நியூட் கிங்ரிச் முதலான குடியரசுக் கட்சித் தலைவர்கள்! தம்பதி அதைப் பதிவு செய்தார்கள். அது பத்திரிகை வரை போயிற்று. கடைசியில் ஆளுக்கு 500 டாலர் அபராதம் கட்டினார்கள். 1994 முதலே செல்போன் பேச்சைப் பிடிக்கும் ஸ்கேனர்களைத் தயாரிக்கத் தடை உண்டு. அவர்கள் வைத்திருந்தது அத்தகைய பெட்டி.

தீ வரும் இரவு

ஆனால் எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் என்ன நடக்கும்?

2025-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் பேய்க்காற்று. அல்டடேனா என்ற ஊரை ஒட்டிய மலையில் மாலை 6 மணிக்கு மேல் தீ மூண்டது. ஊரின் மேற்குப் பகுதி மக்களுக்கு "வெளியேறுங்கள்" என்ற உத்தரவு எப்போது வந்தது? மறுநாள் விடியற்காலை 3 மணிக்கு மேல்! ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். அந்தத் தீயில் இறந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் மேற்குப் பகுதியைச் சேர்ந்தவர்கள். முதியவர்கள், நடக்க முடியாதவர்கள் பலர்.

அந்த நாட்களில் லட்சக்கணக்கான மக்கள் கையில் இருந்தது "வாட்ச் டியூட்டி" என்ற செல்போன் சேவை. 2021-ல் கலிபோர்னியாவில் தொடங்கியது. லாபத்துக்கு நடப்பது அல்ல. ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர்களும் மற்றவர்களும் ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்து, தீயணைப்புப் படையினர் பேசுவதைக் கேட்டு, எந்தப் பக்கம் தீ பரவுகிறது என்று எழுதி அனுப்புகிறார்கள். அரசாங்க உத்தரவு வருமுன்னே அதைப் பார்த்துக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர்கள் உண்டு. தீயணைப்புப் பேச்சுக்கும் பூட்டு விழுந்தால் இந்தச் சேவையின் காது அடைபடும்.

திருடனைப் பிடிக்கும் பேச்சும், தீயை அணைக்கும் பேச்சும் ஒன்று அல்ல. திருடன் காதில் விழக்கூடாது என்பது சரி. தீக்குக் காது இல்லை. தீயணைப்புப் படையின் பேச்சைப் பூட்டுவதற்கு நியாயம் கிடையாது. ஆம்புலன்ஸ் போகும் முகவரியையும் நோயையும் மட்டும், வண்டியில் உள்ள திரைக்கு எழுத்தாக அனுப்பிவிடலாம்.

போலீஸ் பேச்சிலும் முழுப் பூட்டு தேவை இல்லை என்பதற்குக் கலிபோர்னியாவிலேயே சான்று இருக்கிறது. பொதுமக்களின் பெயர், லைசென்சு எண் முதலிய விவரங்களைத் திறந்த ரேடியோவில் சொல்லக்கூடாது என்று அந்த மாநில நீதித்துறை 2020-ல் உத்தரவிட்டது. பாலோ ஆல்ட்டோ நகரம் உடனே எல்லாவற்றையும் பூட்டியது. மக்களும் பத்திரிகைக்காரர்களும் எதிர்த்தார்கள். 2022-ல் நகரம் பூட்டைத் திறந்தது. சொந்த விவரம் சொல்ல வேண்டிய நேரத்தில் மட்டும் போலீசார் செல்போனையோ காரில் உள்ள கம்ப்யூட்டரையோ பயன்படுத்துகிறார்கள். ஊர் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. மற்ற நகரங்கள் இதைப் பார்க்க மறுப்பது வியப்புதான்.

போலீசார் செய்வதை ஊர் கேட்டுக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் நல்ல போலீஸ்காரருக்குப் பாரம் அல்ல. அரை மணி கழித்துக் கேட்கலாம் என்ற சிகாகோ முறை, எதுவும் இல்லாததற்குத் தேவலை. ஆனால் ஓடித் தப்ப வேண்டியவனுக்கு அரை மணிக்குப் பின் வரும் செய்தியால் பயன் இல்லை.

வாங்குவதற்கு முன்

அமெரிக்க மத்திய அரசின் 1986-ம் ஆண்டுச் சட்டப்படி, பூட்டுப் போடாத போலீஸ், தீயணைப்புப் பேச்சைக் கேட்பது குற்றம் அல்ல. ஆனால் மாநிலச் சட்டங்கள் வேறு வேறு. நியூயார்க் மாநிலத்தில் அனுமதி இல்லாமல் காரில் வைத்திருக்கக்கூடாது. வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஸ்கேனருடன் குற்றம் செய்து பிடிபட்டால் கூடுதல் தண்டனை தரும் மாநிலங்களும் உண்டு.

சும்மா கேட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெட்டி வாங்கவே வேண்டாம். யாராவது ஒரு தொண்டர் தம் வீட்டு ஸ்கேனரை இணையத்தில் இணைத்திருப்பார். செல்போனில் இலவசமாகக் கேட்கலாம். சற்றுத் தாமதமாக வரும். செல்போன் கோபுரம் எரிந்துவிட்டால் அதுவும் வராது.

அங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஸ்கேனருக்கு முன்னால் வாங்க வேண்டியது வேறு ஒன்று. அது வானிலை ரேடியோ. விலை ஏறக்குறைய 30 டாலர். வானிலைத் துறையின் ஒலிபரப்பை மட்டும் பிடிக்கும். புயல், வெள்ளம் என்று எச்சரிக்கை வந்தால் தானே அலறி, தூங்குகிறவர்களை எழுப்பும். மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓடும். டெக்சாஸ் மாநிலத்தில் 2025-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி, குவாடலூப் ஆற்றில் வெள்ளம் வந்து 100-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். கெர் வட்டாரத்துக்கு வானிலைத் துறை எச்சரிக்கை விட்ட நேரம் இரவு 1 மணி 14 நிமிடம். ஊர் தூங்கிக்கொண்டிருந்தது.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது ஸ்கேனரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்து தம்பிக்குப் பரிசு கொடுக்க நினைப்பவர்கள், அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும். இந்தியாவில் போலீஸ் வயர்லெஸ் பேச்சை அனுமதி இல்லாமல் கேட்பது குற்றம். இங்கிலாந்து வழியாக வருகிறவர்களுக்கும் எச்சரிக்கை: 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, தமக்கு அல்லாத ரேடியோச் செய்தியை அனுமதி இன்றிக் கேட்பது அங்கேயும் குற்றம்.