அமெரிக்கப் பள்ளிக்கு யார் ஜாமீன்?

பிள்ளையை இந்தியப் பாடத்திட்டப் பள்ளியிலிருந்து எடுத்து அமெரிக்கப் பள்ளியில் போடலாமா என்பது துபாய்த் தமிழ் வீடுகளில் அடிக்கடி எழும் பேச்சு. பெயர்பெற்ற அமெரிக்கப் பள்ளிகளில் மேல் வகுப்புக் கட்டணம் ஆண்டுக்கு 80,000 திர்ஹாமைத் தாண்டும். மாதச் சம்பளக்காரர் அந்தப் பக்கமே போக மாட்டார். ஆனால் 20,000, 30,000 திர்ஹாமுக்கும் அதே ‘அமெரிக்கன்’ பெயர்ப்பலகையோடு பள்ளிகள் இருக்கின்றன. இப்போது கட்டுவதோடு இன்னும் கொஞ்சம் போட்டால் போதும் என்று தோன்றிவிடுகிறது. கட்டணம் குறைவு என்பதற்காக ஒரு பள்ளியை மட்டமாக எடைபோட வேண்டியதில்லை. ஆனால் அமெரிக்கப் பாடத்திட்டத்தில் மலிவுக்கென்று தனி ஆபத்து உண்டு. அதைப் பெற்றோர் ஒரே பார்வையில் கண்டுகொள்ளும்படி செய்வது துபாய் கல்வி ஆணையமான கே.எச்.டி.ஏ.வின் கடமை.

சிபிஎஸ்இ பள்ளி எவ்வளவு மலிவானதாக இருந்தாலும் பன்னிரண்டாம் வகுப்பில் அதன் மாணவர் எழுதுவது வாரியம் தயாரித்த வினாத்தாளைத்தான். பள்ளி சொதப்பியிருந்தால் மதிப்பெண் பட்டியலில் குட்டு வெளிப்பட்டுவிடும். அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான வாரியம் என்று ஒன்று கிடையாது. பள்ளிகளுக்குப் பாடத்திட்டம் வகுத்துத் தரக் கூடாதென மத்தியக் கல்வித் துறையைச் சட்டமே தடுக்கிறது. 2010-ல் வந்த ‘காமன் கோர்’ தரநிலைகளும் ஆங்கிலம், கணக்கு இரண்டோடு நின்றன. அவற்றையும் எல்லா மாநிலங்களும் ஏற்கவில்லை. ஒரு பாடத்தை ஓராண்டு, ஏறக்குறைய 120 மணி நேரம் படித்தால் ஒரு கிரெடிட். போதிய கிரெடிட் சேர்ந்தால் டிப்ளமா. கேள்வி கேட்பது, திருத்துவது, கிரேடு போடுவது, டிப்ளமாவில் கையெழுத்திடுவது எல்லாம் பள்ளியேதான். வெளியிலிருந்து யாராவது ஜாமீன் நிற்காவிட்டால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை.

அந்த ஜாமீன்தான் அங்கீகாரம். நியூ இங்கிலாந்து சங்கம், மிடில் ஸ்டேட்ஸ், வாஸ்க், காக்னியா ஆகியவை இதைத் தரும் அமைப்புகளில் முக்கியமானவை. பள்ளி தன்னைப் பற்றி எழுதிக்கொடுத்த சுய மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, குழுவாக வந்து வகுப்பறைகளில் உட்கார்ந்து பார்த்த பிறகே தருவார்கள். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அட்மிஷன் மேஜையில் கொடுக்கும் பளபளப்பான கையேட்டின் கடைசிப் பக்க அடியில் வரிசையாக நிற்கும் முத்திரைகளைப் பாருங்கள். ஒன்று முழு அங்கீகாரமாக இருக்கும். ஒன்று வெறும் உறுப்பினர் என்பதாக இருக்கும். இன்னொன்று விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் நிலையைக் குறிக்கும். மூன்றும் ஒரே அளவில், ஒரே மினுமினுப்பில் அச்சாகியிருக்கும். இந்த அமைப்புகள் தங்கள் இணையதளத்தில் பள்ளிகளின் பட்டியல் வைத்திருக்கின்றன. அங்கே பெயர் இருக்கிறதா, என்ன நிலையில் இருக்கிறது என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

அடுத்தது ஏ.பி. (அட்வான்ஸ்டு ப்ளேஸ்மென்ட்) எனும் கல்லூரி நிலைப் பாடங்கள். அமெரிக்கத் தேர்வு அமைப்பான காலேஜ் போர்டு மே மாதம் நடத்தும் இந்தத் தேர்வுகளில் 1 முதல் 5 வரை மதிப்பெண் வரும். பள்ளியின் கைக்கு அப்பாற்பட்ட அளவுகோல் என்று அமெரிக்கப் பாடத்திட்டத்தில் இருப்பது பெரும்பாலும் இதுவும் எஸ்.ஏ.டி.யும்தான். கட்டணத்தைக் குறைக்கும் பள்ளி முதலில் கைவைப்பதும் ஏ.பி. பாடங்களில்தான். நான்கே மாணவர்களுக்காக இயற்பியலுக்கு நல்ல ஆசிரியரை வைத்திருப்பது கட்டுப்படியாகாது. ஏ.பி. என்ற பெயரில் எந்தப் பள்ளி எந்தப் பாடத்தை நடத்த அனுமதி பெற்றிருக்கிறது என்பதை காலேஜ் போர்டின் பொதுப் பட்டியலிலேயே பார்க்கலாம். வகுப்பில் ‘ஏ’ வாங்கிய பிள்ளை ஏ.பி. தேர்வில் 2 வாங்கினால், பள்ளியின் கிரேடைத்தான் சந்தேகிக்க வேண்டும். (வரவேற்பறைச் சுவரில் தொங்கும் பல்கலைக்கழகக் கொடிகளையும் நம்ப வேண்டாம். போன வருடம் யார் எங்கே சேர்ந்தார்கள் என்று கேளுங்கள்.)

ஊருக்குத் திரும்பிப் பட்டப்படிப்பு என்ற எண்ணம் இருக்கும் குடும்பங்களுக்குத்தான் அமெரிக்கப் பாட வரிசை பெரிதும் இடிக்கும். வழக்கமான அமெரிக்க வரிசையில் ஒன்பதாம் வகுப்பில் உயிரியல், பத்தில் வேதியியல், பதினொன்றில் இயற்பியல் என ஒவ்வொன்றும் ஒரே ஆண்டுதான். பன்னிரண்டில் பிள்ளை பொருளாதாரமோ உளவியலோ படித்துக்கொண்டிருக்கும். தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்விலோ கட்-ஆஃப் 200. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. நீட் எழுத மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். வளைகுடாத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கும் தனி ஒதுக்கீட்டுக்கும் இந்தப் பாடங்கள் தேவை. வெளிநாட்டு டிப்ளமா என்பதால் இந்தியாவில் இணைத்தன்மைச் சான்றிதழ் வாங்கும் அலைச்சல் தனி. ஒன்பதாம் வகுப்பிலேயே யோசித்துப் பாடம் தேர்ந்தெடுத்தால் இதையெல்லாம் சமாளிக்கலாம். ஆனால் அதற்கு வழிகாட்டும் கவுன்சிலர் பள்ளியில் இருக்க வேண்டும். சிக்கனப் பள்ளியில் அந்த நாற்காலியும் காலியாகவே இருக்கலாம். மருத்துவமோ பொறியியலோ தமிழ்நாட்டில்தான் என்று உறுதியாக இருப்பவர்கள் இந்தியப் பள்ளியிலேயே இருப்பது நல்லது என்று தயங்காமல் சொல்வோம்.

இந்தியப் பள்ளிகளில் வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள், எவ்வளவு மனப்பாடம் என்று சில பெற்றோர் கேட்பார்கள். நியாயம்தான். அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ போவது உறுதி என்றாலும், பிள்ளையின் சுபாவத்துக்கு மனப்பாடம் ஒத்துவரவில்லை என்றாலும் மலிவான அமெரிக்கப் பள்ளி நல்ல தேர்வாகவே இருக்கலாம், அங்கீகாரம் முழுமையாக இருந்தால்.

பெற்றோருக்குத் தகவல் தருவதில் கே.எச்.டி.ஏ. ஏற்கெனவே பாதி தூரம் வந்திருக்கிறது. ஒவ்வொரு பள்ளியின் கட்டணத்தையும் கட்டாயம், விருப்பம் எனப் பிரித்துக்காட்டும் தகவல் தாளை அது வெளியிடுகிறது. கட்டண உயர்வுக்கும் ஆண்டுதோறும் வரம்பு வைக்கிறது. 2025-26-க்கு அது 2.35 சதவீதம். ஆனால் 2024-25-ல் பள்ளிகளுக்குத் தரக்குறி தரும் வழக்கமான முழு ஆய்வுகளை நிறுத்திவைத்ததால், வாசலில் தொங்கும் ‘குட்’ என்ற தரக்குறி அதற்கு முந்தைய ஆண்டுகளுடையதாகவும் இருக்கக்கூடும். அதற்குள் பிரின்சிபாலே மாறியிருக்கலாம். எனவே அதே தகவல் தாளில் இன்னும் நான்கு வரிகளைச் சேர்க்க வேண்டும்: அங்கீகாரம் தந்த அமைப்பும் அது முடியும் ஆண்டும், உண்மையில் நடத்தப்படும் ஏ.பி. பாடங்கள், அவற்றில் 3-க்கு மேல் வாங்கியோர் விகிதம், கடைசி ஆய்வு நடந்த ஆண்டு. இவை எல்லாப் பள்ளிகளின் அலுவலகக் கோப்புகளிலும் இருப்பவைதான். அமெரிக்கப் பள்ளிகள் ஆகஸ்ட் கடைசியில் திறக்கின்றன. இந்தியப் பள்ளிகளின் ஆண்டோ ஏப்ரலிலேயே தொடங்கிவிடும். நடுவில் இடம் மாறி ஏமாந்தால் பழைய வகுப்பில் இடம் கிடைப்பது அரிது. ஆகவே அந்த நான்கு வரிகளும் ஏப்ரலுக்கு முன்பே பெற்றோர் கைக்கு வந்துசேர வேண்டும்.