வவுச்சர் இல்லாத கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேஸ்பால் விதிகள் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும். ஆனாலும் பக் ஓ'நீல் என்ற பெரியவர் தன் ஆட்ட நாட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போக மனசு வராது. 1994-ல் கென் பர்ன்ஸ் எடுத்த 'பேஸ்பால்' என்ற நீண்ட ஆவணப்படத்தில் வருகிறார். அப்போது அவருக்கு 82 வயது. அமெரிக்காவில் பெரும்பாலானவர்களுக்கு அதுவரை அவர் யாரென்றே தெரியாது.

ஆள் யார் என்று சுருக்கமாக. 1911-ல் ஃப்ளோரிடாவில் பிறந்தவர். சரசோட்டாவில் வளர்ந்தார், பையனாக இருக்கும்போதே செலரி வயலில் வேலை. அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள். மேஜர் லீகிலும் அதே கதைதான். அதனால் கறுப்பின ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று தனி லீக் நடத்தினார்கள். அந்தக் காலத்துப் பெயர் நீக்ரோ லீக். அதில் கேன்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு ஓ'நீல் 1938-லிருந்து ஃபர்ஸ்ட் பேஸ்மேன், 1948-லிருந்து மேனேஜர். 1962-ல் சிகாகோ கப்ஸ் அவரைக் கோச் ஆக்கியது. மேஜர் லீகில் முதல் கறுப்பினக் கோச் அவர்தான். அதற்குள் வயது 50 தாண்டிவிட்டது, மட்டையைக் கீழே வைத்தும் வருஷங்கள் ஆகிவிட்டன.

அவர் சொல்லும் கதைகள் ஒவ்வொன்றும் ஒரு ரகம். சின்னப் பையனாக இருந்தபோது ஃப்ளோரிடாவில் ஒரு சத்தம் கேட்டாராம், மட்டை பந்தில் படும் சத்தம். மற்றவர்கள் அடிப்பது போல இல்லை, வெடி வெடித்த மாதிரி. அடித்தவர் பேப் ரூத். அதே சத்தத்தை 1938-ல் மறுபடி கேட்டுவிட்டு, உடை மாற்றிக்கொண்டிருந்த அறையிலிருந்து அரைகுறை உடையோடு ஓடி வந்து பார்த்தால் ஜாஷ் கிப்சன்! மூன்றாவது முறை 1980-களில் போ ஜாக்சன். வாழ்நாளில் மூன்றே தடவைதான் என்பார்.

இன்னொன்று, அவரை சாட்சல் பெய்ஜ் கடைசிவரை 'நான்சி' என்று கூப்பிட்ட கதை. சிகாகோ ஹோட்டலில் சாட்சலைப் பார்க்க நான்சி என்ற பெண் வந்திருக்கிறாள். அதே ஹோட்டலுக்கு, பிற்பாடு அவர் மனைவியான பெண்ணும் திடீரென்று வந்துவிட்டார். ராத்திரி சாட்சல் நைசாகப் போய்க் கதவைத் தட்டி "நான்சி" என்று கூப்பிட, வேறொரு கதவு திறக்கிற சத்தம். நிலைமை புரிந்த ஓ'நீல் சட்டென்று தன் அறையிலிருந்து தலையை நீட்டி, "என்னையா கூப்பிட்டே?" என்று கேட்டு நண்பனைக் காப்பாற்றினாராம். அன்றிலிருந்து அவர்தான் நான்சி :-)

அதே சாட்சலோடு சார்லஸ்டன் பக்கம் டிரம் தீவுக்குப் போன கதையும் உண்டு. அடிமைகளை ஏலம் விட்ட இடம் அது. இரண்டு பேரும் வெகுநேரம் பேசாமல் நின்றார்களாம். கடைசியில் சாட்சல், தான் இங்கே ஏற்கெனவே வந்தது போல இருக்கிறது என்று சொல்ல, தனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்றாராம் இவர்.

இனி என் கருத்து. ஓ'நீலைப் புகழ்கிறவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: "இத்தனை அநியாயம் நடந்தும் மனசில் கசப்பே இல்லாத மனிதர்". உண்மைதான். ஆனால் இந்தப் பாராட்டில் கேட்பவனுக்கு ஒரு சௌகரியம் ஒளிந்திருக்கிறது. அவரே கோபப்படாதபோது நமக்கென்ன என்று போய்விடலாம் அல்லவா? எனக்கு அந்தக் கதைகள் மன்னிப்பாகத் தெரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே பில் போடுகிறார்.

படிப்பது பி.காம் என்பதால் என் கண்ணுக்கு முதலில் பட்டது அந்த பில்தான். நீக்ரோ லீக் என்றால் ஓட்டை பஸ், பட்டினி, பரிதாபம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஓ'நீல் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். நல்ல பஸ்ஸில் போனோம், கறுப்பினத்தவர் நடத்திய நல்ல ஹோட்டல்களில் தங்கினோம், நன்றாகச் சாப்பிட்டோம் என்பார். கணக்கும் அவர் பக்கம்தான். மோனார்க்ஸ் 1930-லேயே விளக்குகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இரவு ஆட்டம் நடத்தியது. மேஜர் லீகின் முதல் இரவு ஆட்டம் 1935-ல்தான். சிகாகோ கோமிஸ்கி பார்க்கில் 1943-ல் நடந்த கிழக்கு-மேற்கு ஆட்டத்துக்கு 50 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள்.

ஆக, அது ஓடிக்கொண்டிருந்த ஒரு தொழில். 1945-ல், ஓ'நீல் கடற்படையில் இருந்த சமயத்தில், மோனார்க்ஸில் ஆடிக்கொண்டிருந்த ஜாக்கி ராபின்சனை புரூக்ளின் டாட்ஜர்ஸ் எடுத்துக்கொண்டது. மோனார்க்ஸுக்குக் கொடுத்த தொகை பூஜ்யம். 1947-ல் லாரி டோபிக்காக நியூவார்க் ஈகிள்ஸுக்குக் கிடைத்தது 15 ஆயிரம் டாலர். நல்ல ஆட்டக்காரர்கள் போனார்கள், பின்னாலேயே ரசிகர்களும் போனார்கள், சில வருஷங்களில் லீக் படுத்துவிட்டது. அதை நம்பியிருந்த ஹோட்டல்காரர், டிரைவர் பிழைப்பும் போனது. பிரிவினை ஒழிந்ததில் ஓ'நீலுக்குச் சந்தோஷம்தான். ஒழியத்தான் வேண்டும். ஆனால் அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதை எந்தப் புத்தகத்திலும் பற்று எழுதவில்லை. எழுதி வைத்தது இவருடைய ஞாபகம் மட்டும்தான்.

"வயசானவங்க எல்லாத்தையும் பெரிசாக்கித்தான் சொல்வாங்க" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜாஷ் கிப்சன் கிட்டத்தட்ட 800 ஹோம்ரன் அடித்ததாக ஹால் ஆஃப் ஃபேம் பட்டயத்திலேயே இருக்கிறது. லீக் ஆட்டங்களில் கிடைத்த ஸ்கோர்களை மட்டும் கூட்டினால் 200-ஐக்கூடத் தொடாது. மீதியெல்லாம் ஊர் ஊராகப் போய் ஆடிய ஆட்டங்கள், முழுக்கணக்கு இல்லாதவை. வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஒப்புக்கொள்ள மாட்டார், சரி. ஆனால் வவுச்சர் இல்லாததால் செலவே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. ஞாபகத்தை ஒரு பத்தியிலும் ஆவணத்தை இன்னொரு பத்தியிலும் எழுதுவோம். இரண்டையும் கலக்கவும் வேண்டாம், ஒன்றைக் கிழிக்கவும் வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஞாபகம்தான் ஆவணத்தைத் தேட வைத்தது. ஓ'நீல் மாதிரி ஆட்கள் ஊர் ஊராகப் பேசினார்கள், 1990-ல் கேன்சஸ் சிட்டியில் மியூசியம் வந்தது, ஆராய்ச்சியாளர்கள் பழைய பத்திரிகைகளைப் புரட்டினார்கள். 2020-ல் மேஜர் லீக் நிர்வாகம் அந்த லீக்குகளையும் மேஜர் லீக் என்று ஒப்புக்கொண்டது. 2024-ல் எண்களையும் சேர்த்தது. .372 சராசரியோடு கிப்சன் டை காபை முந்தி முதலிடத்துக்கு வந்தார். 1947-லேயே இறந்துபோனவர் அவர்.

இதில் எனக்குத் தாங்காதது 2006. அந்த வருஷம் 12 பேர் கொண்ட ஒரு கமிட்டி, நீக்ரோ லீக் காலத்தையும் அதற்கு முந்தைய காலத்தையும் சேர்ந்த 17 பேரை ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்தது. 17 பேரில் ஒருவரும் உயிரோடு இல்லை. உயிரோடு இருந்த ஓ'நீலுக்கு இடமில்லை! அவர் என்ன செய்தார் தெரியுமா? ஜூலை 30-ம் தேதி மேடையேறி அந்த 17 பேருக்காகவும் பேசினார். கூட்டத்தைக் கைகோர்க்க வைத்துப் பாட வைத்தார். அக்டோபர் 6-ம் தேதி 94 வயதில் இறந்துபோனார். 2022-ல் அவரையும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். 16 வருஷம் லேட். நன்றி சொல்ல அவர் இல்லை, உறவுக்காரப் பெண்தான் பேசினார்.

தாமதமான நீதியும் நீதிதான் என்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் 2006-ல் அந்த மனிதர் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தார். பேசினார், சிரித்தார், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். செத்தவர்களுக்கு மாலை போட்ட கைக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கண்ணில் படவில்லை.

உங்களுக்குத் தெரிந்த பழைய ஆட்டக்காரர் யாராவது இருந்தால் ஒரு நாள் போய் உட்கார்ந்து கேளுங்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். பரவாயில்லை, தேதி போட்டு எழுதி வையுங்கள். சரிபார்க்கிற வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.