பிழைப்பின் கதவையும் பூட்டும் விதி

ஊக்கமருந்தை வெளிப்படையாக அனுமதிக்கும் 'என்ஹான்ஸ்டு கேம்ஸ்' போட்டியில் கலந்துகொள்பவருக்கும் அதை ஆதரிப்பவருக்கும் சர்வதேச நீச்சலில் இனி இடமில்லை. நீந்த முடியாது என்பதோடு நிற்கவில்லை. பயிற்சியாளராகவோ, நிர்வாகியாகவோ, அணியின் மருத்துவக் குழுவிலோகூட இருக்க முடியாது. 'வேர்ல்டு அக்வாட்டிக்ஸ்' அமைப்பு 2025 ஜூனில் கொண்டுவந்த விதி இது. தூய்மையைக் காத்துவிட்டார்கள் என்று பாராட்டு குவிகிறது. பாராட்டுபவர்கள் விதியை முழுதாகப் படித்தார்களா? ஓய்வுபெற்ற நீச்சல் வீரருக்குத் தெரிந்த ஒரே தொழில் நீச்சல் கற்றுக்கொடுப்பது. அந்தக் கதவையும் சேர்த்துப் பூட்டியிருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் மேக்னஸனைப் பாருங்கள். 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 2011 ஷாங்காய், 2013 பார்சிலோனா என இரண்டு முறை உலக சாம்பியன். இடையே 2012 லண்டன் ஒலிம்பிக். அமெரிக்காவின் நேதன் ஏட்ரியன் 47.52 விநாடியில் சுவரைத் தொட்டார், மேக்னஸன் 47.53. அந்த வேகத்தில் நூறில் ஒரு விநாடி என்றால் சுமார் இரண்டு சென்டிமீட்டர், ஒரு விரல் அகலம். சிறுவயது முதல் விடியுமுன் எழுந்து குளத்தில் இறங்கிய உழைப்பெல்லாம் அந்த ஒரு விரல் அகலத்தில் வெள்ளியாகிப் போனது. 2019-ல் ஓய்வுபெற்றபோது அவருக்கு 28 வயது. அந்த வயதில் வங்கி ஊழியர் முதல் பதவி உயர்வுக்குக் காத்திருப்பார்.

2024 பிப்ரவரியில், என்ஹான்ஸ்டு கேம்ஸ் பத்து லட்சம் டாலர் கொடுத்தால் மருந்து எடுத்துக்கொண்டு 50 மீட்டர் உலக சாதனையை முறியடிக்கத் தயார் என்றார் மேக்னஸன். பேராசை என்று தூற்றினார்கள். தூற்றியவர்கள் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

2023 புகுவோகா உலக சாம்பியன்ஷிப்பில் தனிநபர் தங்கத்துக்குப் பரிசு 20,000 டாலர். என்ஹான்ஸ்டு கேம்ஸில் ஒரு பந்தயத்தின் முதல் பரிசு 2,50,000 டாலர். பன்னிரண்டு உலகத் தங்கம் வென்றாலும் 2,40,000தான், பதின்மூன்றாவதும் வேண்டும். உலக சாம்பியன்ஷிப் வழக்கமாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது. ஆக, ஒவ்வொரு முறையும் ஒரு தங்கம் வென்றால், முதல் தங்கத்துக்கும் பதின்மூன்றாம் தங்கத்துக்கும் நடுவே 24 ஆண்டுகள்! இருபது வயதில் தொடங்குபவர் நாற்பத்து நான்கு வயதுவரை தோற்காமல் நீந்த வேண்டும். பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் வெள்ளி வென்ற பிரிட்டனின் பென் பிரவுட், 2025 செப்டம்பரில் அந்தப் பக்கம் போனதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்? ஒலிம்பிக் கமிட்டியோ பதக்கத்துக்கு ஒரு காசும் கொடுப்பதில்லை.

மருந்து உடலைக் கெடுக்கும், இளைய தலைமுறைக்குத் தவறான வழிகாட்டும் என்கிறார்கள் விதியைக் கொண்டுவந்தவர்கள். கெடுக்கும்தான். மருந்துப் போட்டிக்கு நானும் எதிரி. ஆனால் வீரர்களின் நலன் பற்றிப் பேச இவர்களுக்கு என்ன அருகதை இருக்கிறது? சிட்னி ஒலிம்பிக்கில் 17 வயதில் மூன்று தங்கம் வென்றவர் இயன் தோர்ப். 24 வயதில் ஓய்வுபெற்றார். புகழின் உச்சத்திலேயே மனச்சோர்வோடும் குடியோடும் போராடியதை 2012-ல் தன் சுயசரிதையில் அவரே எழுதிய பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. 28 ஒலிம்பிக் பதக்கம் வென்ற மைக்கேல் ஃபெல்ப்ஸ், சாக நினைத்த நாட்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அந்தப் பதக்கங்களைக் காட்டி ஒளிபரப்பு உரிமையை விற்றவர்கள், குளத்தைவிட்டு ஏறியவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது தண்டிக்க மட்டும் ஓடோடி வருகிறார்கள். இது ஒழுக்கம் அல்ல, அதிகாரம்.

மருந்து எடுத்தவரைப் போட்டியில் சேர்க்காதீர்கள், அது நியாயம். பயிற்சியாளர் வேலைக்கான தடையை இன்றே நீக்குங்கள். ஒளிபரப்பு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை ஓய்வுபெற்ற வீரர்களின் படிப்புக்கும் மனநல சிகிச்சைக்கும் மாத வருமானத்துக்கும் ஒதுக்குங்கள். பத்தாண்டு முன்பே இதைச் செய்திருந்தால், லாஸ் வேகாஸில் மருந்துப் போட்டி நடத்த வந்தவர்களுக்கு ஒரு நீச்சல் வீரர்கூடக் கிடைத்திருக்க மாட்டார்.