அழுகையும் சாட்சியமே

1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம், அரூர் பக்கம் வாச்சாத்தி. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர் பழங்குடி மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகள் நொறுங்கின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்றது அன்றைய அரசு.

பாதிக்கப்பட்ட பெண் வாய் திறந்தால் சட்டம் முதலில் அளப்பது அவள் கண்ணீரைத்தான். அழுதா நடிக்கிறாங்கறான். அழாம சொன்னா, நடந்திருந்தா இப்படிக் கல்லு மாதிரி நிப்பாளாங்கறான். அவ என்னதான் பண்ணுவா?

கொரியாவின் சோசன் அரசுக் காலத்துப் பெண்களின் மனுக்களை ஆராய்ந்து வரலாற்றாளர் ஜிசூ கிம் 2015இல் ஒரு நூல் வெளியிட்டார். அங்கே அடிமைப் பெண்ணும் அரசனிடம் முறையிடலாம். அவன் வரும் வழியில் சேகண்டி அடித்து நிறுத்தலாம். அநீதியால் நெஞ்சில் தேங்கிய குமுறலுக்கு 'வொன்' என்று பெயர். அதைத் தீர்ப்பது ஆட்சியின் கடமை. அழுகைக்கு அங்கே சட்டத்தில் இடம் இருந்தது. ஆனால் கிடைத்தது கருணை. ஆண்டான் அடிமை ஏற்பாடு அசையவில்லை.

நமக்கும் மனுநீதிச் சோழன் மணி உண்டு என்பார்கள். பசு அடிச்சுதாம். சேரிப் பொம்பள அடிச்சதா ஒரு கதையும் காணோமே! அந்தப் பெயரில்தான் 'மனுநீதி நாள்' நடத்தி மனு வாங்குகிறார்கள்.

வாச்சாத்திப் பெண்கள் கருணை கேட்கவில்லை. செய்தவனைக் கூண்டில் ஏற்று என்றார்கள். இடதுசாரித் தோழர்களும் மலைவாழ் மக்கள் சங்கமும் துணை நின்றார்கள். 1995இல் வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் 269 பேருமே குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேருக்குத் தண்டனை; அவர்களில் 17 பேர் வன்புணர்ச்சிக் குற்றவாளிகள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்து, 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது.

31 வருசம்! இந்தத் தாமதமும் ஒரு வன்கொடுமைதான். அத்தனை வருசமும் அந்தக் கோபத்தை ஆறவிடாமல் வைத்திருந்தார்களே, அதுதான் வழக்கைச் சாகாமல் காத்தது.

மாணவத் தோழர்களே, வன்கொடுமை நடந்த ஊருக்குப் போனால் பாவப்பட்ட மனு எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். நாள், நேரம், இடம், ஆள் அடையாளம் எல்லாவற்றையும் அவர்கள் சொல்கிற பேச்சிலேயே எழுதுங்கள். அழுகையை அடித்துவிடாதீர்கள். அதுவும் சாட்சியம்.