பதிவேட்டில் இருப்பது ஒருவரின் வாழ்க்கை

2023 ஆகஸ்ட் 26 அன்று இலங்கை அரசின் மேகக் கணினிக் கட்டமைப்பு ரன்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. கட்டமைப்பை விரைவிலேயே இயங்க வைத்துவிட்டார்கள். ஆனால் மே 17 முதல் தாக்குதல் நடந்த நாள் வரையிலான மின்னஞ்சல்களை மீட்க முடியவில்லை. அந்தக் காலத்துக்கு, மீட்க உதவும் காப்புப் பிரதி இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகத்தின் கடிதப் போக்குவரத்தும் அந்த இழப்பில் அடங்கும்.

நம் கணினித் துறையின் அடிப்படைச் சொற்கள் பலவற்றை இந்த ஒரு சம்பவத்தைக் கொண்டே விளக்கிவிடலாம். அங்கே ஓடிக்கொண்டிருந்தது 2013ஆம் ஆண்டின் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் 2023 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. அந்தப் பழைய மென்பொருள்தான் ‘பலவீனம்’. கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்பவர் ‘அச்சுறுத்தல்’. இவை இரண்டும் சந்தித்தால் எதை, எவ்வளவு இழப்போம் என்ற கணிப்பு ‘இடர்’. அச்சுறுத்தலை நம்மால் ஒழித்துவிட முடியாது. பலவீனத்தைக் குறைப்பதும், இழப்பு நேர்ந்தால் தாங்கும்படி தயாராக இருப்பதும் நம் கையில் உள்ளவை. பலவீனத்தைக் கவனிக்காமல் விட்ட, கொழும்பில் நடந்த இந்தப் பிழை ஊவா மாகாணத்துப் பசறையில் ஒரு பாடசாலை அலுவலகத்திலும், ஒரு தோட்ட அலுவலகத்திலும், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கொம்யூனிகேஷன் கடையிலும் இன்றும் நடக்கக்கூடியதே.

தகவல் பாதுகாப்பு என்றதும் பாடப்புத்தகம் மூன்று பண்புகளைச் சொல்லும்: இரகசியத்தன்மை, ஒருமைப்பாடு, கிடைப்புத்தன்மை. மாணவர்கள் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிடுகிறார்கள். ஊவாவின் தோட்டப்புற மக்களுக்கு இந்த மூன்றும் தலைமுறைகளாகப் பட்ட அனுபவம். அந்த இடத்திலிருந்து கற்பித்தால்தான் இவை மனதில் நிற்கும்.

முதலில் கிடைப்புத்தன்மை. தேவையான நேரத்தில், உரியவருக்குத் தகவல் கிடைக்க வேண்டும் என்பதே அது. 1948இல் குடியுரிமையை இழந்த மலையகத் தமிழர், 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தபோது, திருமணமானவர் 7 ஆண்டுகளும் மற்றையவர் 10 ஆண்டுகளும் இந்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. தோட்டத்திலேயே பிறந்து தோட்டத்திலேயே உழைத்தவர்களால்கூட அதற்கான கடதாசியைக் காட்ட முடியவில்லை. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயன் வீடுகளோடு பிறப்புச் சான்றிதழ்களும் அடையாள அட்டைகளும் வங்கிப் புத்தகங்களும் புதைந்தன. ஆகவே காப்புப் பிரதி என்பது சேவர் அறைக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்களில், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில் என்ற எளிய விதி, மண்சரிவு அபாயமுள்ள ஒரு மாவட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டிய விதி.

அடுத்தது ஒருமைப்பாடு: தகவல் சரியாகவும் முழுமையாகவும், அனுமதியின்றி மாற்றப்படாமலும் இருப்பது. இதைக் காண விரும்புபவர் ஓய்வுபெற்ற ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் கடதாசிகளை மேசையில் பரப்பிப் பார்க்கட்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர். தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் ஆங்கிலத்தில் யாரோ கேட்டு எழுதிய இன்னொரு வடிவம். அடையாள அட்டையில் சிங்களத்திலிருந்து எழுத்துப்பெயர்த்த மூன்றாவது வடிவம். சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 சதவீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போயிருக்கும். ஆனால் அந்தப் பணத்தைக் கேட்கப் போகும்போது, மூன்று பெயரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். அதற்குச் சமாதான நீதவானைத் தேட வேண்டும். பதுளைக்குத் திரும்பத் திரும்பப் பஸ் ஏற வேண்டும். யாரும் ஊடுருவவில்லை, எதுவும் திருடு போகவில்லை. பதிந்தவரின் ஓர் எழுத்துப் பிழை, ஒருவரின் முதுமைக் காலச் சேமிப்பை நிறுத்தி வைக்கிறது. பழைய பதிவேடுகளைக் கணினிக்கு ஏற்றும் பணியில் இருக்கும் நம்மவர்கள் இதை மறக்கக் கூடாது. தட்டச்சு செய்த பெயரை உரியவருக்கு வாசித்துக் காட்டி உறுதி செய்துகொள்வதும் தகவல் பாதுகாப்புப் பணியே.

மூன்றாவது இரகசியத்தன்மை. ஒரு பட்டியல் தவறான கையில் கிடைத்தால் என்னவாகும் என்பதை இந்நாட்டுத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றதைப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். பெயரும் முகவரியும் சாதாரணத் தகவல்களே. அவை யார் கையில், எந்த நோக்கத்துக்காக இருக்கின்றன என்பதே அவற்றின் ஆபத்தைத் தீர்மானிக்கிறது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஆளுக்குரிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இந்தப் பின்னணியில் வாசிக்க வேண்டும். தெற்காசியாவில் இத்தகைய முழுமையான சட்டத்தை முதலில் இயற்றிய நாடு இலங்கை. இந்தியாவின் சட்டம் 2023இல் வந்தது. ஓர் ஆளை இனங்காண உதவும் எந்தத் தகவலும் ஆளுக்குரிய தரவு. இனம், மதம், அரசியல் கருத்து, உடல்நலம், கைரேகை போன்ற உயிரியல் அடையாளங்கள், சிறுவர் பற்றிய தரவு ஆகியவை கூடுதல் கவனத்துக்குரிய சிறப்பு வகை. தரவை எதற்காக, எவ்வாறு பயன்படுத்துவது என்று முடிவு செய்பவர் கட்டுப்பாட்டாளர். அவர் சார்பில் அதைக் கையாள்பவர் செயலாக்குநர். சொன்ன நோக்கத்துக்கு மட்டும், தேவையான அளவு மட்டும், தேவையான காலம் மட்டும் வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். தன்னைப் பற்றி என்ன பதிந்திருக்கிறது என்று கேட்கவும், பிழையைத் திருத்தச் சொல்லவும், அழிக்கச் சொல்லவும், கொடுத்த சம்மதத்தை மீளப் பெறவும் உரியவருக்கு உரிமை உண்டு. மீறுவோருக்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். 2025 மார்ச் 18இல் தொடங்கவிருந்த முக்கியப் பகுதிகள் பிற்போடப்பட்டதைக் காரணம் காட்டிச் சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள். சட்டம் தள்ளிப்போகலாம், கடமை தள்ளிப்போவதில்லை. அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி ஏற்கெனவே குற்றம்.

பசறை போன்ற ஒரு நகரத்தில் அதிக ஆளுக்குரிய தரவு கைமாறும் இடம் பெரும்பாலும் கொம்யூனிகேஷன் கடைதான். அஸ்வெசும நலன்புரி உதவி விண்ணப்பம், பரீட்சைப் பெறுபேறு, வெளிநாட்டு வேலைக்கான கடவுச்சீட்டுப் படிவம் எல்லாம் அங்கேதான் முடிகின்றன. அடையாள அட்டையைப் படமெடுத்துக் கடையின் வட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புகிறார்கள். அச்செடுத்துக் கொடுத்த பிறகும் அந்தப் படம் தொலைபேசியிலும் கணினியிலும் கிடக்கிறது. பிள்ளைக்கு மின்னஞ்சல் கணக்குத் திறக்கும்போது, மீட்பு எண்ணாகக் கடைக்காரர் தன் எண்ணையே கொடுத்துவிடுகிறார். உதவும் எண்ணம்தான். ஆனால் கடவுச்சொல் மறந்துபோனால் அந்தக் கணக்கின் சாவி கடைக்காரரிடமே இருக்கிறது. பல்கலைக்கழக விண்ணப்ப நேரத்தில் அவர் எண்ணை மாற்றியிருந்தால் யாரிடமும் இல்லை.

கடவுச்சொல்லாக அடையாள அட்டை எண்ணையே வைப்பதும் வழக்கமாகிவிட்டது. அந்த எண் இரகசியமானதல்ல. 12 இலக்க அட்டையில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். 1985 என்று தொடங்கி 532 என்று தொடர்ந்தால், அவர் 1985 பெப்ரவரி 1 அன்று பிறந்த பெண். எண்ணைப் பார்த்த எவரும் வயதையும் பிறந்த நாளையும் சொல்லிவிடலாம். அடையாள அட்டை எண் ஒருவர் யார் என்று சொல்லும். அவர்தான் வந்திருக்கிறார் என்று நிரூபிக்காது. இனங்காணலுக்கும் உறுதிப்படுத்தலுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் புரிய வைத்துவிட்டால், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி அடையாள அட்டை எண்ணைச் சரியாக ஒப்புவிக்கும் குரலை நம்பி, தொலைபேசிக்கு வந்த ஒருமுறைக் குறியீட்டை யாரும் சொல்லிவிட மாட்டார்கள்.

நம் துறையில் இருப்பவர்களிடம் நாம் கேட்பது பெரிய முதலீட்டை அல்ல. வேலை முடிந்ததும் வாடிக்கையாளரின் கோப்பை அவர் முன்னாலேயே அழியுங்கள். கணக்குத் திறந்தால் அவரது எண்ணையே பதிந்து, இரு படிச் சரிபார்ப்பை அமைத்துக் கொடுங்கள். அலுவலகக் கணினிகளில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வையுங்கள். ஒரே கடவுச்சொல்லை எல்லாரும் பகிரும் இடத்தில், யார் எதை மாற்றினார் என்று பின்னர் கண்டறிய வழியில்லை. வெளியே கொண்டுசெல்லும் பென் டிரைவை மறைகுறியாக்கம் செய்யுங்கள். காப்புப் பிரதி எடுத்தால் போதாது. மாதம் ஒருமுறையாவது அதைத் திறந்து, மீட்க முடிகிறதா என்று பாருங்கள். தாக்குதல் நடந்தால் மறைக்காமல், கணினிப் பாதுகாப்புக்குப் பொறுப்பான இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

நகரத்தில் வசதியுள்ள ஒருவரின் பதிவில் பிழை வந்தால் அவர் சட்டத்தரணியை அழைப்பார். தோட்டத்தில் இருப்பவர் ஒரு நாள் சம்பளத்தை இழந்துதான் அந்தப் பிழையைத் திருத்தப் போக முடியும். அதனால்தான் கவனத்தின் பொறுப்பை அவர் தலையில் சுமத்தாமல் நாம் ஏற்க வேண்டும் என்கிறோம். அடுத்த முறை ஒருவர் தன் அடையாள அட்டையை உங்கள் மேசையில் வைக்கும்போது, இது எதற்காகத் தேவை, எத்தனை நாள் வைத்திருப்பேன், யாருக்கெல்லாம் தெரியவரும் என்ற மூன்றையும் அவர் கேட்கும் முன்பே அவருடைய மொழியில் சொல்லிவிடுங்கள்.