பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவுக்கு ஃபோர்கே எதுக்கு?

போன தீபாவளிக்கு முன்னால் அம்மாவோடு டிவி வாங்க டவுனுக்குப் போனேன். அம்மா கை வைத்தது 43 இஞ்சி ஃபுல் எச்டி. கடைக்காரர் அதைத் திரும்பிப் பார்க்கவே விடவில்லை. "அக்கா, இப்ப எல்லாரும் ஃபோர்கேதான் எடுக்கிறாங்க. தியேட்டர் மாதிரியே இருக்கும். தவணைக்குத் தாறோம்." அந்தத் தவணை, அம்மா மலையில் கொழுந்து பறிக்கிற காசு. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த "தியேட்டர் மாதிரி". தியேட்டர் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. புரொஜெக்டரில் இருந்து வருவதைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பரப்பு, அவ்வளவுதான். கிட்டப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பொடிப்பொடி ஓட்டைகள் இருக்கும். பின்னால் இருக்கிற ஸ்பீக்கரின் சத்தம் அது வழியாக வருகிறது. கறுப்பு என்று அங்கே தனியாக ஒன்றும் இல்லை. வெளிச்சம் விழாத இடம்தான் கறுப்பு. டிஜிட்டல் சினிமாவுக்கு வகுத்திருக்கும் பிரகாச அளவு 48 நிட்ஸ். நம்ம வீட்டுச் சாதாரண டிவியே 200, 300 நிட்ஸ் தரும்! ஆக, தியேட்டர் நம்ம டிவியைவிட மங்கல். லைட்டை அணைப்பதால்தான் அந்த மாயம்.

பிக்சல் கணக்கு இன்னும் வேடிக்கை. ஏராளமான தியேட்டர்களில் ஓடுவது 2கே புரொஜெக்டர், அகலத்தில் 2048 புள்ளி. ஃபுல் எச்டி டிவியில் 1920. பெரிய வித்தியாசம் எங்கே இருக்கிறது? ஒரு பாகையை 60ஆகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு, அதற்குக் கீழே சாதாரணக் கண்ணால் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். அந்தக் கணக்கில் 43 இஞ்சி ஃபுல் எச்டியின் புள்ளிகள் சுமார் ஐந்தரை அடிக்கு அப்பால் தெரியாது. எங்கள் லயக் காம்பராவில் இந்தச் சுவரில் டிவி, அந்தச் சுவரோடு கட்டில். இடையில் ஏழு, எட்டு அடி. டிவிக்கு மூக்கை ஒட்டி உட்காருகிற தங்கச்சிக்கு வேண்டுமானால் ஃபோர்கே வாங்கலாம்.

கெம்பஸில் ஒரு நண்பன், டிவியில் பார்ப்பதெல்லாம் சினிமா பார்ப்பதே இல்லை என்பான். ரூபவாஹினி 1982இல் தொடங்கியது. பிதுருதலாகல மலையில் கோபுரம் நின்றது, கீழே எத்தனையோ லயங்களில் கரண்ட் இல்லை. தாத்தா கார் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய் சார்ஜ் ஏற்றி வந்து கறுப்பு வெள்ளை டிவி ஓட்டினாராம். பிறகு வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, டெக் வாடகைக்கு எடுத்து, இஸ்தோப்பில் லயமே உட்கார்ந்து விடிய விடியப் படம். அதைச் சினிமா இல்லை என்று தாத்தாவிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

ஆனால் டிவியும் நம்மை ஏமாற்றும். படம் விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கப்படுகிறது. பல டிவிகள் இடையில் எடுக்காத ஃபிரேம்களைத் தாமாகவே உண்டாக்கிச் சொருகும். படம் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். டாம் குரூஸே 2018இல் இயக்குநர் மெக்குவாரியோடு வீடியோ போட்டு, அதை அணையுங்கள் என்று கெஞ்சினார். செட்டிங்கில் 'மோஷன்' என்று ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். 'விவிட்' வேண்டாம், 'சினிமா' அல்லது 'மூவி' போடுங்கள். காசு செலவில்லை.

இன்னொன்று, மேலும் கீழும் வருகிற கறுப்புப் பட்டை. அது டிவியின் குறை இல்லை. ஸ்கோப் படம் 2.39க்கு 1, டிவி 1.78க்கு 1. பட்டையைப் போக்க ஜூம் போட்டால் இரண்டு பக்கமும் சேர்த்துப் படத்தில் கால்வாசி போய்விடும். ஓரத்தில் நிற்கிற ஆள் நடித்ததே வீண்.

கடைசியில் ஃபுல் எச்டிதான் எடுத்தோம். மிச்சக் காசில் ஒரு ஸ்பீக்கர். ராத்திரி லைட்டை அணைத்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்க்கிறோம். அப்பா மட்டும், நான் கெம்பஸுக்கு பஸ் ஏறியதும் ஜூமைப் போட்டுவிடுகிறாராம். தங்கச்சி போன் பண்ணிச் சொல்கிறாள்.